அரையாண்டு மதிப்பெண்

2014 அக்டோபர் 28 அன்று அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் ஒரு புது வழக்கம் தொடங்கியது. நாடு முழுவதும் ஆடும் அணிகளிலிருந்து நான்கை மட்டும் பொறுக்கி, அவற்றுக்குள் கோப்பைக்கான இறுதிச் சுற்றை நடத்துவது என்று அந்த ஆண்டுதான் ஏற்பாடாகியிருந்தது. பொறுக்குவதற்காக அமர்த்தப்பட்ட குழு, சீசன் பாதி கடந்திருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை தன் முதல் பட்டியலை வெளியிட்டது. மிசிசிப்பி ஸ்டேட், ஃப்ளோரிடா ஸ்டேட், ஆபர்ன், ஓல் மிஸ் ஆகியவை முதல் நான்கு இடங்களில் இருந்தன. ஒஹையோ ஸ்டேட்டுக்குக் கிடைத்தது பதினாறாவது இடம். பதினோரு வாரம் கழித்து, 2015 ஜனவரி 12 அன்று, டெக்சஸில் கோப்பையைத் தூக்கியது அந்தப் பதினாறாவது அணி. முதல் நான்கில் ஃப்ளோரிடா ஸ்டேட் மட்டுமே இறுதிச் சுற்றுவரை வந்தது. வந்து, அரையிறுதியில் 59-20 என்று நொறுங்கிப்போனது. (நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து அல்ல இது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, இரு முனையும் கூரான பந்தைக் கையில் ஏந்தியும் எறிந்தும் ஆடுவது. பெயர்க்குழப்பம் அமெரிக்கர்களின் கைங்கர்யம்.)

குழுவில் இருந்தவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. வென்றவை எத்தனை, தோற்றவை எத்தனை, யாரிடம் தோற்றார்கள் என்பதைப் பார்த்து அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் நம் வீடுகளில் நடப்பதும் இதுதான்: மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு விடைத்தாளைப் புரட்டாமல் விட்டுவிடுகிறோம். கணக்கில் அறுபது வாங்கிய இரண்டு பிள்ளைகளில் ஒருத்தி புதிதாகத் தொடங்கிய பாடத்தில் தடுமாறியிருப்பாள்; இன்னொருத்தி மூன்று வருடமாகச் செய்துவரும் அதே கூட்டல் தவறை மறுபடியும் செய்திருப்பாள். முழு ஆண்டுத் தேர்வில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கப்போவதில்லை. கல்லூரி அணி ஒன்றைப் பாதி சீசனில் எடைபோடும்போதும் நான் கேட்கும் முதல் கேள்வி இதுவே. குறை பழகாததால் வந்ததா, பழகிப்போனதால் வந்ததா? வெற்றி தோல்விக் கணக்கை அதற்கப்புறம்தான் பார்ப்பேன்.

கல்லூரி ஆட்டத்தில் இந்தக் கேள்விக்குத் தொழில்முறை ஆட்டத்தைவிடக் கனம் அதிகம். தொழில்முறை அணி சீசன் நடுவே ஓர் ஆட்டக்காரரைக் கொடுத்து இன்னொருவரை வாங்கிக்கொள்ளலாம், வெளியே சும்மா இருப்பவரை அழைத்து ஒப்பந்தம் போடலாம். கல்லூரிப் பயிற்சியாளருக்கு அந்தக் கதவு கிடையாது. ஆகஸ்டில் கையில் இருந்த பையன்களை வைத்தே டிசம்பர்வரை ஓட்ட வேண்டும். அவர்களும் வகுப்புக்குப் போகிறவர்கள் என்பதால், சீசனின்போது வாரத்துக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்று விதி. ஆக, குறையைத் தீர்க்க இரண்டே மருந்துகள்: திரும்பத் திரும்பச் செய்து பழகுவது, அல்லது காயம்பட்டவர் குணமாகித் திரும்புவது. இந்த இரண்டுக்கும் கட்டுப்படாத குறை ஆண்டு முழுக்க இருக்கும். போதாததற்கு, 2014-இல் உச்சப் பிரிவில் 128 அணிகள். ஒவ்வொன்றும் வழக்கமான சீசனில் ஆடுவது பன்னிரண்டே ஆட்டங்கள். அக்டோபர் நடுவில் ஆறேழு ஆட்டங்கள்தான் முடிந்திருக்கும். பெரும்பாலான அணிகள் ஒன்றையொன்று முகம் பார்த்ததுகூட இல்லை. 7-0 என்ற எண்ணும் 6-1 என்ற எண்ணும் பக்கத்தில் பக்கத்தில் அச்சாவதால் அவற்றை ஒப்பிட்டுவிடலாம் என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

ஒஹையோ ஸ்டேட் தோற்ற ஆட்டத்துக்கு வருவோம். செப்டம்பர் 6, சொந்த மைதானம், எதிரணி வர்ஜீனியா டெக். 35-21. சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் அந்த அணி தோற்பது 1978-க்குப் பிறகு அதுவே முதல் முறை. மூன்று வாரத்துக்கு முன்புதான் அணியின் நட்சத்திரக் குவார்ட்டர்பேக் பிராக்ஸ்டன் மில்லர் தோளில் அடிபட்டு அந்த ஆண்டு முழுவதும் ஆட முடியாத நிலைக்கு ஆளாகியிருந்தார். பந்தை எறியும் பொறுப்பு, அதுவரை கல்லூரி ஆட்டமே ஆடியிராத ஜே.டி. பாரெட்டின் தலையில் விழுந்தது. அவருக்கு முன்னால் சுவராக நின்று காக்க வேண்டிய ஐவரில் முந்தைய ஆண்டின் வரிசையிலிருந்து எஞ்சியவர் டெய்லர் டெக்கர் ஒருவரே. மற்ற நால்வரில் இருவர் எதிர்ப்பக்க வேலைக்காக, அதாவது தற்காப்புக்காக, சேர்க்கப்பட்டு இந்தப் பக்கம் மாற்றப்பட்டவர்கள். வர்ஜீனியா டெக்கின் தற்காப்புப் பயிற்சியாளர் பட் ஃபாஸ்டர் இதைத் தெளிவாகப் படித்திருந்தார். நடுவில் நிற்கும் மூவர் முன்னாலும் ஆளுக்கொருவரை நெருக்கி நிறுத்தினார், ஓடும் வழிகளை அடைத்தார், பின்புறத்தைக் கிட்டத்தட்டக் காலியாக விட்டார். முடிந்தால் எறிந்து பார் என்பதுதான் அந்த வியூகத்தின் சவால். பாரெட் 29 முறை எறிந்து 9 முறைதான் தன் ஆட்களிடம் சேர்த்தார். மூன்று முறை பந்து எதிரியின் கைக்குப் போனது. ஏழு முறை எறிவதற்குள் மடக்கி வீழ்த்தப்பட்டார்.

மதிப்பெண்ணாகப் பார்த்தால் படுமோசம். விடைத்தாளாகப் பார்த்தால் அதில் தெரிவது வேறு. ஐந்து பேர் சேர்ந்து நின்று யார் யாரைத் தடுப்பது என்று நொடிக்குள் முடிவெடுப்பது, மேளமும் நாகசுரமும் ஒத்துப்போவதைப் போலச் சேர்ந்து வாசித்தே வர வேண்டிய வித்தை. உடல் வலு இருந்தும் சேர்ந்து ஆடிய அனுபவம் இல்லாதபோது அது எப்படிச் சிதறும் என்பதற்கு அந்த இரவு பாடப்புத்தகம். அவர்களை யாரும் நேருக்கு நேர் தள்ளி வீழ்த்தியது குறைவு. யாரும் தடுக்காமல் விட்ட இடைவெளி வழியே புகுந்ததே அதிகம். பழகாத குறை இது என்று செப்டம்பரிலேயே சொல்லியிருக்கலாம்.

அடுத்த நான்கு ஆட்டங்களில் அந்த அணி எடுத்த புள்ளிகள் 66, 50, 52, 56. இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. கென்ட் ஸ்டேட்டையும் ரட்கர்ஸையும் அடித்து நொறுக்கியதை வைத்து எதைத்தான் நிரூபிக்க முடியும்? புள்ளிகளை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது, ஒப்புக்கொள்கிறேன். பார்க்க வேண்டியது, செப்டம்பர் 6-இன் தவறு திரும்ப வந்ததா என்பதை. சின்சினாட்டிக்கு எதிரான ஆட்டம் இதற்கு நல்ல சான்று, இரண்டு பக்கமும் வெட்டும் சான்று. தாக்குதலில் 710 கெஜம் முன்னேறினார்கள். தடுப்புச் சுவர் மூன்று வாரத்துக்கு முந்தைய சுவர் அல்ல. அதே இரவில் தற்காப்பு 60, 83, 78 கெஜத் தொலைவுக்கு மூன்று டச் டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்ப்பது) பாஸ்களை விட்டுக்கொடுத்தது. நான் அன்று எழுதியிருந்தால் இந்த இரண்டாவது செய்தியைத்தான் கவலையோடு அடிக்கோடிட்டிருப்பேன். ஆனால் அதற்கும் பின்கதை உண்டு. முந்தைய சீசனில் எறியப்பட்ட பந்துக்கு முன்னால் அணியின் பின்வரிசை பரிதாபமாக நின்றது. மிச்சிகனிடம் 451 கெஜம் கொடுத்து ஒரே ஒரு புள்ளியில் தப்பித்தார்கள், ஆரஞ்சு பவுல் ஆட்டத்தில் கிளெம்சனிடம் தோற்றார்கள். அதனால் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் கிறிஸ் ஆஷ் என்பவரை அழைத்துவந்து பின்வரிசையின் முறையையே மாற்றச் சொன்னார். புது முறையில் நிற்பவர்கள் முதல் மாதத்தில் இடம் தவறுவது எதிர்பார்க்க வேண்டியதே.

அக்டோபர் 25 அன்று பென் ஸ்டேட்டிடம் அவர்கள் திணறியதையும் மறைக்கக் கூடாது. முதல் பாதியில் 17-0 முன்னிலை. அதைக் கரைத்துவிட்டு இரண்டு கூடுதல் நேரம் ஆடி 31-24 என்று தப்பித்தார்கள். பாரெட் எறிந்த பந்து ஒன்றை எதிரணியின் தற்காப்பு வீரரே பிடித்து ஓடி டச் டவுன் ஆக்கினார். பாரெட்டுக்கு முழங்காலில் அடி வேறு. மூன்று நாள் கழித்து வந்த பட்டியலில் பதினாறாவது இடம் கிடைத்ததற்கு இந்த ஆட்டமும் காரணமாக இருந்திருக்கும். பாதி சீசன் கணிப்பில் உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி எப்போதும் கொஞ்சம் மிஞ்சும். ஒஹையோ ஸ்டேட்டைப் பொறுத்தவரை அது நவம்பர் 8 அன்று, முந்தைய டிசம்பரில் தங்களை வீழ்த்திய மிச்சிகன் ஸ்டேட்டை அதன் மைதானத்திலேயே 49-37 என்று வென்றபோதுதான் தீர்ந்தது.

இனி மறுபக்கம். ஃப்ளோரிடா ஸ்டேட் 2013-இன் சாம்பியன். அந்த ஆண்டு கோப்பை ஆட்டத்துக்கு முன்புவரை எந்த எதிரணியும் அவர்களிடம் 14 புள்ளிக்குக் குறைந்த வித்தியாசத்தில் தோற்றதில்லை. 2014-லும் அக்டோபர் பாதியில் 7-0. ஆனால் அந்த ஏழில் ஓக்லஹோமா ஸ்டேட்டோடு 37-31, கிளெம்சனோடு கூடுதல் நேரத்தில் 23-17, நாட்டர்டேமோடு 31-27. இந்தக் கடைசி ஆட்டத்தில் எதிரணி இறுதிக் கணத்தில் அடித்த டச் டவுன் விதிமீறலால் செல்லாமல் போனது. என்.சி. ஸ்டேட்டிடம் முதல் கால்பகுதியிலேயே 24-7 என்று பின்தங்கி மீண்டார்கள். இவற்றை நெஞ்சுரத்தின் அடையாளமாகக் கொண்டாடியவர்கள் பலர். எனக்கு அவை ஒரே தவறின் நான்கு நகல்களாகத் தெரிகின்றன: மெத்தனமாகத் தொடங்குவது, பந்தைக் கவனக்குறைவாகக் கொடுப்பது, கடைசியில் குவார்ட்டர்பேக் ஜேமிஸ் வின்ஸ்டனின் கையை நம்புவது (கிளெம்சன் ஆட்டத்தில் அவர் தடைசெய்யப்பட்டு வெளியே இருந்தார், அங்கே அதிர்ஷ்டத்தை நம்பினார்கள்). வின்ஸ்டன் புதியவர் அல்ல. நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்கான ஹெய்ஸ்மன் விருதை வாங்கியவர். 2013-இல் 40 டச் டவுன் எறிந்து 10 பந்துகளைத்தான் எதிரியிடம் கொடுத்தார். 2014 முழுவதிலும் 25 எறிந்து 18 கொடுத்தார். ஒவ்வொரு வாரமும் வென்றுகொண்டிருந்ததால் இதற்கு அவசர சிகிச்சை தேவை என்று யாருக்கும் உறைக்கவில்லை. வெள்ளையடித்த சுவரில் ஓதம் ஏறுவது கடைசியில்தான் கண்ணில் படும்.

அவர்களை ஜனவரி முதல் நாள், அரையிறுதியாக நடந்த ரோஸ் பவுலில் சாய்த்து, 29 தொடர் வெற்றிகளுக்கு முடிவுகட்டியது ஆரிகன். அந்த அணியும் என் வாதத்துக்கு வந்து சேர்கிறது. அக்டோபர் 2 அன்று சொந்த மைதானத்தில் அரிசோனாவிடம் 31-24 என்று தோற்றபோது, ஆரிகன் முடிந்தது என்று பேசினார்கள். தோல்விக்குக் காரணம் பகிரங்கமானது. முன்வரிசைத் தடுப்பாளர்கள் ஒருவர் பின் ஒருவராகக் காயத்தில் படுத்திருந்தார்கள். குவார்ட்டர்பேக் மார்கஸ் மாரியோட்டாவுக்கு எறிய நேரமே கிடைக்கவில்லை. அந்தத் தடுப்பாளர்களில் ஒருவரான ஜேக் ஃபிஷர் குணமாகித் திரும்பிய அடுத்த ஆட்டத்திலிருந்து அவர்கள் கோப்பை ஆட்டம்வரை தோற்கவே இல்லை. அதே அரிசோனாவை டிசம்பரில் 51-13 என்று வென்றார்கள். ஆக, கடைசி நாளில் நேருக்கு நேர் நின்ற இரண்டு அணிகளும் ஆளுக்கொரு தோல்வியோடு வந்தவை. இரண்டு தோல்விக்கும் காரணம் முன்வரிசை. இரண்டுமே தீரக்கூடிய குறை.

எல்லாம் முடிந்த பிறகு ஜோசியம் சொல்வது சுலபம் என்பார்கள். அது பாதி உண்மை. ஒஹையோ ஸ்டேட் கோப்பை வெல்லும் என்று அக்டோபரில் சொல்லியிருக்க முடியாது. நவம்பர் இறுதியில் பாரெட்டின் கணுக்கால் உடையும் என்றோ, மூன்றாம் நிலையில் இருந்த கார்டேல் ஜோன்ஸ் வந்து விஸ்கான்சினை 59-0 என்று வெல்வார் என்றோ எவருக்குத் தெரியும்? நான் சொல்வது அதைவிடச் சிறியது: அந்தக் குறை நீங்கும் என்று சொல்லியிருக்க முடியும். அது நீங்கியதால்தான் மூன்றாவது குவார்ட்டர்பேக்காலும் ஆட முடிந்தது. கடைசி மூன்று ஆட்டங்களில் அணியின் ஓட்டக்காரர் எசக்கியல் எலியட் ஓடிய கெஜங்கள் 220, 230, 246. செப்டம்பரில் ஓட்டையாக இருந்த அதே ஐவர் திறந்துவிட்ட வழியில் ஓடியவை அவை. ஃப்ளோரிடா ஸ்டேட் ரோஸ் பவுலில் ஐந்து முறை பந்தைத் தொலைத்ததால்தான் தோற்றது, அது வெறும் கெட்ட நாள் என்றொரு சமாதானமும் உண்டு. பதினோரு நாள் கழித்து அதே ஆரிகனுக்கு எதிராக ஒஹையோ ஸ்டேட்டும் நான்கு முறை பந்தைத் தொலைத்தது. வென்றது 42-20.

ஒற்றை ஆண்டை வைத்து விதி எழுதுகிறேன் என்று யாராவது நினைத்தால், அதே அணி, அதே மேயர், 2018. அக்டோபர் நடுவில் 7-0. முதல் ஆட்டத்தில் ஆரிகன் ஸ்டேட்டை 77-31 என்று வென்றபோதே எதிரணியின் ஓட்டக்காரர் ஒருவர் 80 கெஜமும் 78 கெஜமும் தடையின்றி ஓடினார். டி.சி.யூ. ஆட்டத்தில் 93 கெஜம். வென்றுவிட்டதால் அடிக்குறிப்பாகப் போயின. தற்காப்பு முறை புதிதல்ல, அதை நடத்திய கிரெக் ஷியானோவும் புதியவர் அல்ல. அக்டோபர் 20 அன்று பர்டூ 49-20 என்று உடைத்தது. தோல்விக்குப் பின்னும் சரியாகவில்லை: நவம்பரில் மேரிலாந்திடம் 51 புள்ளி கொடுத்து, கூடுதல் நேரத்தில் ஒரே புள்ளியில் வென்றார்கள். என் கணக்கைக் கெடுக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஓட்டைத் தற்காப்போடுதான் அடுத்த வாரம் மிச்சிகனை 62-39 என்று துவைத்தெடுத்தார்கள். குவார்ட்டர்பேக் டிவெய்ன் ஹாஸ்கின்ஸ் அந்த சீசனில் எறிந்த 50 டச் டவுன்கள் பல பாவங்களைக் கழுவின. நான்கு அணிப் பட்டியலில் மட்டும் இடம் கிடைக்கவில்லை. மேயர் விலகினார், தற்காப்புப் பயிற்சியாளர்களை மாற்றினார்கள். 2019-இல் பெரும்பாலும் அதே பையன்கள், வேறு முறையில் நின்று, நாட்டின் மிகச் சிறந்த தற்காப்புகளில் ஒன்றாக ஆடினார்கள்.