கடல் பக்கத்தில்தானே இருக்கிறது?

திருவனந்தபுரத்தில் ஒருவர் தம் வரவேற்பறையில் ஆறடி நீளத்தில் கடல்நீர் மீன்தொட்டி வைக்கப்போவதாகச் சொன்னால், அவர் செவியில் விழும் முதல் ஊக்கமொழி இதுவாகத்தான் இருக்கும்: "உங்களுக்கென்ன கவலை, கடல் பக்கத்தில்தானே இருக்கிறது!" பெங்களூருக்காரர் உப்பை விலைகொடுத்து வாங்க வேண்டும், தில்லிக்காரருக்கு மீன் விமானத்தில் வந்திறங்க வேண்டும், சங்குமுகத்துக்கும் கோவளத்துக்கும் நடுவே வீடு கட்டியவருக்கோ எல்லாம் வாசற்படியில். கேட்க இனிமையான இந்த வாதத்தில் உண்மை இல்லை. கடலின் அண்மை ஒரு வீட்டுத் தொட்டிக்கு எந்தச் சலுகையும் அளிப்பதில்லை; செய்தே தீரவேண்டிய கணக்கைச் செய்யாமல் விடுவதற்கு ஒரு சாக்கை மட்டுமே அளிக்கிறது. அந்தக் கணக்கு மீனையோ விளக்கையோ பற்றியதன்று. குழாயைப் பற்றியது.

வழக்கமாக நடப்பது என்ன? உள்ளலங்காரம் செய்பவர் சுவரின் நிறத்துக்குப் பொருந்தும்படி கண்ணாடியின் அளவைக் குறிக்கிறார். அடுத்து நீலவெளிச்ச விளக்கு வருகிறது. மூன்றாவதாக மீன். எல்லாம் முடிந்தபின், குளியலறைக் குழாயைச் சரிசெய்ய வந்த பிளம்பரிடம் "இதையும் கொஞ்சம் பாருங்கள்" என்கிறார்கள். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு யாரும் வரைபடம் தரவில்லை. தண்ணீர் எவ்வழியே இறங்கும், எவ்வழியே ஏறும், மின்சாரம் நின்றால் எங்கே போய் நிற்கும் என்று வீட்டுக்காரரே சிந்தித்திருக்கவில்லை. அந்தச் சிந்தனையின்மைக்கு விலை தருபவை தொட்டிக்குள் இருக்கும் உயிர்கள். நன்கு பேணினால் இருபது ஆண்டுகளுக்கு மேலும் தொட்டியில் வாழக்கூடியது கோமாளி மீன். அதை ஓர் ஓணத்துக்கு வாங்கி, அடுத்த ஓணத்துக்குள் இழப்பது 'பொழுதுபோக்கு' என்ற பெயரில் மன்னிக்கப்படுகிறது.

முதலில் எடை. ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் ஏறத்தாழ 680 லிட்டர். கடல்நீர் நன்னீரைவிடக் கனமானது. ஆகவே நீர் மட்டும் 700 கிலோ. கண்ணாடி, பாறை, தாங்கி, அடியில் வைக்கும் கீழ்த்தொட்டி எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் ஆகிவிடும். அது நிற்கும் இடமோ ஒரு சதுர மீட்டருக்குச் சற்றே மிகுதி. குடியிருப்பு அறைகளின் தளத்துக்கு இந்தியத் தரநிர்ணயம் வகுத்துள்ள பயன்பாட்டுச் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. அந்த அளவு அறை முழுவதும் பரவிய சுமைக்கானது என்பதால் தளம் மறுநாளே இடிந்துவிடும் என்று பொருளில்லை. ஆயினும் தொட்டி விட்டத்தின்மேல் நிற்கிறதா, தளத்தின் நடுவே நிற்கிறதா என்பதைக் கட்டடப் பொறியாளர் சொல்ல வேண்டும்; சோபா வாங்கித் தந்தவர் சொல்லக் கூடாது. மாடிக் குடியிருப்பில் இந்தக் கேள்வி கீழ்வீட்டாரையும் சேர்த்தது.

அடுத்தது இறங்குகுழாய். பெரிய கடல்நீர்த் தொட்டிக்கு அடியில் கீழ்த்தொட்டி ஒன்று இருக்கும். மேலே நிரம்பி வழியும் நீர் அங்கு இறங்கிச் சுத்தமாகி, பம்பின் வழியே மீண்டும் மேலேறும். இந்த ஏற்ற இறக்கத்தில்தான் அந்தத் தொட்டியின் உயிர் இருக்கிறது. இறங்குவதற்கு ஒரே ஒரு குழாய் போதும் என்பது சிக்கனமன்று, அசட்டுத் துணிச்சல். ஒரு நத்தையோ பாசிக்கொத்தோ போய் வாயை அடைத்தால், பம்ப் மேலேற்றிக்கொண்டே இருக்கும். நீர் தரையில் வழியும். நல்ல அமைப்பில் மூன்று துளைகள் உண்டு. ஒன்று வால்வினால் மட்டுப்படுத்தப்பட்டு, காற்றுப் புகாமல் முழுக்க நீரோடும் குழாய்; இன்னொன்று மிஞ்சியதைச் சிறுகக் கடத்தும் குழாய்; மூன்றாவது, மற்ற இரண்டும் அடைபட்டால் மட்டும் நீர் காணும் வறண்ட குழாய். ஆண்டு முழுவதும் வேலையின்றி நிற்கும் அந்த மூன்றாம் குழாயைத்தான் 'எதற்கு வீண்செலவு' என்று முதலில் வெட்டுகிறார்கள். ஒருமுறை கடினப்படுத்திய கண்ணாடியில் பிறகு துளையிட முடியாது என்பதையும் தொட்டி வீட்டுக்கு வந்த பிறகே அறிகிறார்கள்.

மின்சாரம் நிற்கும்போது என்ன ஆகும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. மேற்சொன்ன அளவுள்ள தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் நீர்மட்டம் என்பது 11 லிட்டர். பம்பிலிருந்து நீரை மேலே கொண்டுவரும் குழாயின் வாய் நீர்ப்பரப்புக்கு ஐந்து சென்டிமீட்டர் கீழே இருந்தால், பம்ப் நின்றவுடன் அக்குழாயே உறிஞ்சுகுழாயாக மாறி 55 லிட்டரைத் திருப்பிக் கீழே இறக்கும். அதை ஏற்கும் வெற்றிடம் கீழ்த்தொட்டியில் எந்நேரமும் இருக்க வேண்டும். ஒருவழி வால்வு போட்டுவிட்டோமே என்பது பதிலாகாது. உப்பு படிந்தும் குழாய்ப்புழுக்கள் கூடுகட்டியும் அது மூடாமல் நிற்கும். இதற்கு நேர்மாறான கணக்கும் உண்டு: இறங்குகுழாய்கள் அடைபட்ட நிலையில் பம்ப் இருக்கும் அறையின் முழு நீரும் மேலேறினாலும் மேல்தொட்டி அதைத் தாங்க வேண்டும். இவ்விரண்டையும் காகிதத்தில் போட்டுப் பார்க்க ஒரு மாலைப்பொழுது போதும்.

இடவப்பாதி மழையில் தென்னை மட்டை கம்பியில் விழுவது இங்கே செய்தியே அன்று. ஆகவே இன்வெர்ட்டர் இணைப்பு தொட்டியோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டும், அதுவும் விளக்குக்கு அன்று, நீரை அசைக்கும் ஒரு சிறு பம்புக்கு. வெப்பநீரில் உயிர்வளி குறைவாகவே கரையும். அசைவற்றுக் கிடக்கும் நீரில் மீன்கள் முதலில் இழப்பது மூச்சை. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் இக்கரையைத் தாக்கியபோது பூந்துறையும் விழிஞமும் திரும்பிவராத தம் ஆண்களுக்காகக் காத்து நின்றன. அத்தகைய ஊரில் வரவேற்பறை மீனின் மூச்சைப் பற்றிப் பேசுவதற்கே கூச்சம் வேண்டும். ஆனால் உயிரை விலைக்கு வாங்கி அடைத்து வைத்தவருக்கு அந்தக் கூச்சம் பொறுப்பிலிருந்து விடுதலை தராது.

வெப்பம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பம்பும் விளக்கும் ஓயாமல் நீரைச் சூடாக்குகின்றன. மின்விசிறி வைத்து நீரை ஆவியாக்கிக் குளிர்விக்கலாம் என்பது கோயம்புத்தூரில் ஓரளவு செல்லும். காற்றே ஈரத்தில் தோய்ந்திருக்கும் திருவனந்தபுரத்து மழைமாதங்களில் ஆவியாதல் மந்தமாகி அந்த உத்தி கைவிட்டுவிடும். எஞ்சுவது சில்லர். சில்லர் குளிரை உண்டாக்குவதில்லை. நீரின் வெப்பத்தை எடுத்து அறைக்குள் தள்ளுகிறது. அழகு கெடுகிறதென்று அதைத் தொட்டியடி அலமாரிக்குள் பூட்டினால், தான் தள்ளிய வெப்பத்தைத் தானே விழுங்கி ஓடிக்கொண்டிருக்கும். அதற்கான குழாய் பால்கனிக்கோ பின்கட்டுக்கோ செல்ல வழி, சுவர் பூசுவதற்கு முன்பே விடப்பட வேண்டும். குழாய்ப் பொருளும் முக்கியம். சாலைக் கடைத்தெருவில் நல்ல பித்தளை வால்வு கிடைக்கும். நன்னீருக்கு அது நெடுநாள் உழைக்கும். கடல்நீரிலோ அதிலிருந்து கசியும் செம்பு, இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். தொட்டி நீர் தொடும் இடத்தில் பிவிசி அன்றி வேறெதுவும் கூடாது.

இனி, "கடல்நீரை வாளியில் அள்ளிக்கொள்ளலாமே" என்னும் வாதம். எந்தக் கடல்நீரை? கரமனையாறு நகரத்தின் கழிவையும் சுமந்து கடலில் சேரும் பூந்துறைப் பக்கத்து நீரையா? ஆக்குளம் காயல் வாய்திறக்கும் வேளிக் கரை நீரையா? டீசலும் மண்ணெண்ணெயும் மிதக்கும் துறைமுக நீரையா? மழைக்காலத்தில் கரையோர நீரின் உப்பளவே கீழிறங்கிவிடும். கடலோர ஆய்வகங்களும் குஞ்சுபொரிப்பகங்களும் இயற்கைக் கடல்நீரைத்தானே பயன்படுத்துகின்றன என்று கேட்கலாம். ஆம், பம்பினால் இறைத்து, தெளியவைத்து, மணல் வடிகட்டியில் செலுத்தி, கிருமிநீக்கி, அதன் பின்பே பயன்படுத்துகின்றன. அதுவும் குழாய்வேலைதான்! பிலிப் ஹென்றி காஸ் என்னும் ஆங்கில இயற்கையியலாளர் 1854இலேயே செயற்கைக் கடல்நீருக்கான உப்புக் கலவையை வெளியிட்டார். உப்பும் வடித்த நீரும் கலந்து தொட்டி வைக்கும் முறை அந்தப் பழமை உடையது. லிட்டருக்கு 35 கிராம் என்ற கணக்கில் 680 லிட்டருக்கு ஏறத்தாழ 24 கிலோ. அருவிக்கரையிலிருந்து வரும் குடிநீரில் குளோரின் இருப்பதால் அதை நேராகவும் ஊற்றலாகாது, ஆர்.ஓ. இணைப்பும் அதன் மிச்சநீர் செல்லும் வழியும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும்.

ஆனால் உள்ளே வரும் நீரைப் பற்றி இவ்வளவு பேசுபவர்கள் வெளியேறும் நீரைப் பற்றி ஒரு சொல் பேசுவதில்லை. வாரம் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுவதாகக் கொண்டால் 68 லிட்டர். அதில் 2.4 கிலோ உப்பு. ஓராண்டில் 120 கிலோவுக்கும் மேல். இந்த நகரின் எல்லா வீடுகளுக்கும் முட்டத்தறைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் செல்லும் கழிவுநீர் இணைப்பு இல்லை. இணைப்பில்லாத வீட்டில் அந்த உப்பு செப்டிக் தொட்டிக்கோ மண்ணுக்கோ போகும். செப்டிக் தொட்டி உப்பை அழிப்பதில்லை, மெல்ல மண்ணுக்குக் கடத்துகிறது. மண்ணுக்கு அடுத்து கிணறு. கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு. தன் வளாகத்தில் ஊற்றியது அண்டைவீட்டு நீரில் கரிக்கும். வருடம் மூட்டை மூட்டையாக உப்பை மதிற்சுவரோரம் கொட்ட எந்த அண்டைவீட்டாராவது அனுமதிப்பாரா? கரைத்து ஊற்றினால் மட்டும் அது வேறாகிவிடுமா?

அப்படியானால் கடலிலேயே திரும்பக் கொட்டிவிடலாம் என்பவருக்கு, கடலின் அண்மை எவ்வளவு ஆபத்தானது என்பது இன்னும் விளங்கவில்லை. காட்சித் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட கௌலெர்ப்பா என்னும் பாசி, 1984இல் மொனாக்கோவின் கடலியல் அருங்காட்சியகத்துக்குக் கீழே கடலில் ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர் பரப்பில் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலோரங்களில் பரவி, அங்குள்ள கடற்புல் வெளிகளை மூடியது. இந்தோ-பசிபிக் கடலுக்குரிய சிங்கமீன் 1985இல் அமெரிக்காவின் புளோரிடா கரையில் முதலில் காணப்பட்டு இன்று கரீபியன் எங்கும் பிறமீன்களைத் தின்றுவருகிறது. வீட்டுத் தொட்டிகளிலிருந்து விடப்பட்டதே அதன் தொடக்கம் எனப் பெரிதும் கருதப்படுகிறது. கடலுக்குத் தொலைவில் உள்ளவர் செய்யும் தவறு சாக்கடையோடு முடியும். இங்கே செய்யும் தவறு, வள்ளங்கள் மீன்பிடிக்கும் கடலுக்குள் நேராகச் சேரும்.

கல்லும் பவளமும் அள்ளுவது பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. சட்டம் தெளிவாகவே பேசுகிறது. பாறை கட்டும் பவளங்கள் அனைத்தும், கடல் விசிறிகளும், கடற்குதிரைகளும் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அந்த அட்டவணை உயிரைக் கவர்ந்தால் மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. 'உயிர்ப்பாறை' என்று பெயரிட்டு விற்றாலும் பவளம் பவளமே. ஆனால் சட்டம் சொல்லாத ஒன்றும் உண்டு. கரைக்கு அப்பால் நீருக்கடியில் உள்ள பாறைத் திட்டுகளை இங்குள்ள மீனவர்கள் 'பார்' என்கிறார்கள். முத்துக்குளித்த தூத்துக்குடியிலும் அதே சொல்தான். பார் என்பது அவர்களுக்குக் காட்சிப்பொருளன்று, உலையில் ஏறும் அரிசி. காஸின் புத்தகங்களைப் படித்துக் கிளம்பிய விக்டோரியா கால ஆங்கிலேயர்கள், கடற்கரைப் பாறைக்குளங்களைத் தம் வரவேற்பறைத் தொட்டிகளுக்காகச் சுரண்டித் தீர்த்தனர். அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907இல் வெளிவந்த தம் நூலில் அந்த அழிவை வருந்திப் பதிவுசெய்தார். அவர்களும் கடலுக்கு அருகில்தான் இருந்தார்கள்.

இவ்வளவும் சொன்னால், "வீட்டில் கடல்தொட்டியே கூடாது என்கிறீர்களா?" என்று சினப்பவர் இருப்பர். அப்படிச் சொல்பவர்களும் உண்டு. அவர்கள் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம், விழிஞம் மையங்கள் கோமாளி மீன்களையும் வேறு சில அலங்கார மீன்களையும் சிறையில் இனப்பெருக்கம் செய்யும் முறையை உருவாக்கியுள்ளன. குஞ்சுபொரிப்பகத்தில் பிறந்த மீனை, சரியாகக் குழாயமைத்த தொட்டியில் வளர்ப்பவரைக் குற்றம் சொல்ல இடமில்லை. தொட்டி வைக்கும் எண்ணமுள்ளவர் விழிஞத்தில் அந்நிறுவனம் நடத்தும் 'சாகரிகா' காட்சியகத்துக்கு ஒருமுறை சென்று, மீனைப் பார்ப்பதோடு நில்லாமல், நீர் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று அங்குள்ளவர்களைக் கேட்கட்டும்.

பிறகு வீட்டுக்கு வந்து வரைபடம் போடட்டும்: தாங்கும் விட்டம், மூன்று துளை, கீழ்த்தொட்டியின் வெற்றிடம், சில்லர் வழி, இன்வெர்ட்டர் இணைப்பு, கழிவுநீர் சேருமிடம். அதன்படி அமைத்து முதலில் வெறும் நன்னீர் நிரப்பி, மின்சாரத்தைத் தாமே பலமுறை நிறுத்திப் பார்க்கட்டும்; வழிந்தால் துடைப்பதற்குத் துணி போதும். அடுத்து உப்புநீரும் பவளமில்லாக் கல்லும் மட்டும். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் அந்தக் கல்லில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அந்த வாரங்களில் வீட்டுக்கு வருபவர்கள், இத்தனை பணம் செலவழித்து வெறும் கல்லையா வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். கேட்கட்டும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூச்சியம் காட்டிய பிறகு இரண்டு கோமாளி மீன் குஞ்சுகள் வரலாம்.