31,998-க்கு மேல் ஃபோல்டர் கிடையாது

மக்களே, இது கொஞ்சம் டெக்னிக்கல் மொக்கை. ஆனா ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனியில சர்வர் பார்க்கிறவங்க ஒரு தடவை படிச்சிடுங்க.

லைன்ல இறங்குற ஒவ்வொரு பீஸையும் டெஸ்ட் பண்ணி, அதோட சீரியல் நம்பர்ல ஒரு ஃபோல்டர் போட்டு ரிசல்ட்டை வைக்கிறது பலருக்கும் பிடிச்ச வழி. எல்லாமே ஒரே ஃபோல்டருக்குக் கீழே. தேட சுலபமாம்!

அந்த டிஸ்க் எக்ஸ்ட்3-யா இருந்தா கதை கந்தல். நாளைக்கு ஆயிரம் பீஸ்னு வைங்க. 32-ஆம் நாள், 999-ஆவது பீஸுக்கு ஃபோல்டர் உருவாகாது. 'டூ மெனி லிங்க்ஸ்'னு ஒரு எரர். டிஸ்க்ல பாதி காலியா இருக்கும். இடம் இல்லையோன்னு பழைய லாக் ஃபைலை அழிப்பாங்க. வல்லக்கோட்டை முருகா காப்பாத்துன்னு ரீபூட் பண்ணுவாங்க. ம்ஹூம். லைன் நிக்கணும், இல்லேன்னா ரெக்கார்டே இல்லாம பீஸ் வெளியே போகணும். நாளைக்கு அது ரிட்டர்ன் வந்தா எதைக் காட்டுறது?

காரணம் இதுதான். ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ரெட்டைப் புள்ளி ஒண்ணு அப்பா ஃபோல்டரைக் கைகாட்டும். அது ஒரு ஹார்ட் லிங்க். எக்ஸ்ட்3-ல ஒரு ஐநோடுக்கு 32,000 லிங்க்தான். அப்பாவோட பேருக்கு ஒண்ணு, உள்ளே இருக்கிற ஒத்தைப் புள்ளிக்கு ஒண்ணு. மிச்சம் 31,998 புள்ளைங்க. சாதாரண ஃபைல் எத்தனை போட்டாலும் இந்தக் கணக்குல வராது.

"எக்ஸ்ட்4-க்கு மாறு"ன்னு உடனே சொல்லுவீங்க. 2008-ல லினக்ஸ் 2.6.28-ல நிலையான வடிவத்துக்கு வந்தது அது. லிங்க் 65,000-ஐ எட்டினா எண்ணிக்கையை 1-னு எழுதிட்டு எண்றதையே விட்டுடும். எனக்கென்னவோ எக்ஸ்ட்3-யோட கண்டிப்புதான் பிடிச்சிருக்கு. ஒரே இடத்துல நாலு லட்சம் ஃபோல்டர் சேர்ந்தா பேக்கப் விடிய விடிய ஓடும். லிமிட் போனாலும் அந்தக் குப்பை போகாது. தவிர, எக்ஸ்ட்3-க்கான தனி டிரைவரை 2015-லயே லினக்ஸ் 4.3-ல எடுத்துட்டாங்க. ஆனா லைன் ஓரமா ஓடிட்டிருக்கிற பழைய பெட்டியை யார் தொடுவா?

சீரியலோட கடைசி மூணு இலக்கத்துல முதல்ல ஒரு ஃபோல்டர் போடுங்க, அதுக்குள்ள பீஸ். (முதல் மூணு வேண்டாம், மாசம் பூரா அது மாறாது.) கிட் கூட இதே மாதிரிதான், ஹேஷோட முதல் ரெண்டு எழுத்துக்கு ஒண்ணா 256 ஃபோல்டர். நம்ம கணக்குக்கு எக்ஸ்ட்3-யே 87 வருஷம் தாங்கும்.

சாஃப்ட்வேர் கொடுக்கிறவங்க கையெழுத்து கேட்டா, முதல்ல 40,000 காலி சீரியல் ஃபோல்டர் போட்டுக் காட்டச் சொல்லுங்க. சின்ன ஸ்கிரிப்ட் போதும்.