கடைசல் பட்டறைக்கும் ஒரு ஓடர் கொடுங்கள்

மர வளையல், சாவிக்கொத்து, திரைச்சீலை வளையம், தஸ்பீஹ் மணி: பென்ஸி சாமான் விற்கும் எமது வர்த்தகர்கள் இவற்றைப் பெரும்பாலும் இறக்குமதியாளரிடமே வாங்குகின்றனர். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவைத் தாண்டியபோது இதன் ஆபத்து எல்லோருக்கும் விளங்கியது. பின்னர் மறந்துவிட்டோம்.

இவை யாவும் கடைசல் வேலை. பெரிய மரம் வேண்டியதில்லை. மொறட்டுவைத் தளபாடப் பட்டறைகளில் கழிக்கப்படும் தேக்கு, மஹோகனித் துண்டுகளே போதும். விறகுக்குப் போகும் ஒரு துண்டில் தஸ்பீஹுக்கான 33 மணிகளும் கிடைத்துவிடும். மரம் நன்கு காய்ந்திருக்க வேண்டும். ஈரமரத்தில் கடைந்த வளையல் கடைக்கு வந்த பின்னர் வெடிக்கும்.

கர்நாடகத்தின் சென்னப்பட்டணம் இத்தொழிலால் பெயர் பெற்ற ஊர். பெங்களூரிலிருந்து மைசூர் வீதியில் சுமார் 60 கிலோமீற்றர். சரக்கெடுக்கப் பெங்களூர் போகும் எம்மவர் ஒருநாள் ஒதுக்கிப் பார்த்துவர வேண்டும். திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞரை அழைத்துத் தொடக்கிய தொழில் என்பர். இன்றும் அதில் முஸ்லிம்கள் கணிசமாக உள்ளனர். வெட்பாலை மரத்தைக் கடைந்து, அது சுழலும்போதே நிற அரக்குக் குச்சியை அழுத்துகின்றனர். உராய்வுச் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் பிடிக்கிறது. பின் தாழை ஓலையால் தேய்த்தால் கண்ணாடிபோல் மினுங்கும். தூரிகையும் இல்லை, காயும்வரை காத்திருப்பும் இல்லை. மலிவான சீனப் பொருட்கள் இவர்களையும் தாக்கின. ஆனாலும் இயற்கைச் சாயம் சேர்த்த சாமான்களுக்கு வெளிநாடுகளில் தனிச் சந்தை உண்டு. விலையில் சீனாவுடன் மோதுவது வீண்வேலை.

அரக்கு வேலை எமது நாட்டுக்குப் புதிதல்ல. மாத்தளை ஹப்புவிதவில் அது தலைமுறைகளாக நடக்கிறது.

அப்படியாயின் தடை எங்கே? என் கருத்தில், வாங்கும் முதலாளிமாரிடமே. இரண்டு டசின் கேட்பது, அதற்கும் பேரம் பேசுவது, மூன்று மாதம் கழித்து மாறும் காசோலை கொடுப்பது! பட்டறைக்காரர் மரத்தைக் கைக்காசுக்கு வாங்குகிறார். மணிகள் ஒரே அளவில் வருவதில்லை என்ற முறைப்பாடு நியாயமானதுதான். அதற்கும் வழியுண்டு. துளையிட்ட தகடொன்றை அளவுக்குக் கொடுத்து, ஒரே அளவில் 100 தஸ்பீஹுக்குப் பாதி முற்பணத்துடன் ஓடர் கொடுத்துப் பாருங்கள். ரமழானுக்கு வேண்டியதை ரபீஉனில் ஆகிரிலேயே சொல்லிவிட வேண்டும். ஷஃபானில் ஓடிப்போய் நின்றால் அவர் என்ன செய்வார்?