கொம்பில் பெயர் வெட்டினால் விலை கூடுமா?

2003ஆம் ஆண்டு. யுத்த நிறுத்த உடன்படிக்கைக்குப் பிறகு உல்லாசப் பயணிகள் மறுபடியும் வரத் தொடங்கியிருந்த காலம். காலிக் கோட்டைக்குள் இருக்கும் வாப்பாவின் கடையை நான் பொறுப்பெடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. பித்தளைச் சாமான், பழைய விளக்கு, ஒல்லாந்தர் காலத்துப் பீங்கான் என்று சொல்லப்படுகின்ற பீங்கான், இவைதான் எங்கள் சரக்கு.

பம்பாயில் ஒரு மொத்த வியாபாரியிடமிருந்து வந்த பெட்டியில் 12 பித்தளைக் குடுவைகள் இருந்தன. பேரிக்காய் போன்ற வடிவம். ஒரு பக்கத்தில் வேட்டை நாயும் பறவையும் புடைப்பாக இருக்கும். மேலே ஒரு குழாய், அதைத் திறக்க ஸ்பிரிங் வைத்த ஒரு நெம்பு. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் வேட்டைக்குப் போகும்போது வெடிமருந்து கொண்டுபோன குடுவையின் மாதிரி அது. ஒன்று எனக்கு அடங்கிய விலை 350 ரூபா.

வயதான அமெரிக்கர் ஒருவர் வந்து அதைக் கையில் எடுத்தார். பழையதா என்று கேட்டார். 'வெரி ஓல்ட்' என்று என் கடைப் பையன் சொன்னான். நான் மேசையில் இருந்தேன். என் காதில் விழுந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. 60 டொலருக்கு விற்றோம். அன்றைய கணக்கில் 5,800 ரூபாவுக்குக் கிட்ட.

இரண்டு நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். சத்தம் போடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பூதக்கண்ணாடியை எடுத்துக் குடுவையை என் முன்னால் வைத்தார். நாயின் உருவத்தைப் பார்க்கச் சொன்னார். பழைய குடுவையில் தகட்டை அச்சில் அழுத்தியிருப்பார்கள், கோடுகள் கூர்மையாக இருக்கும். இது வார்ப்பு, நாயின் முகம் மெழுகு உருகியது போல இருந்தது. குழிகளுக்குள் இருந்த கறுப்பைக் குச்சியால் சுரண்டினார், உதிர்ந்து வந்தது. ஸ்பிரிங் நேற்று வாங்கியது போலப் பளபளத்தது. நான் காசைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு, 'ஒரு தேநீர் கிடைக்குமா?' என்று கேட்டார். அந்தத் தேநீர் இரண்டு மணித்தியாலம் நீண்டது. வியாபாரத்தில் நான் கற்ற பெரிய பாடங்களில் ஒன்று அன்றைக்குக் கிடைத்தது.

அவர் தன் நாட்டில் வெடிமருந்துக் கொம்புகள் சேர்ப்பவர். நம் ஊர்க் கிராமங்களில் இடியன் துவக்கைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வாய்ப் பக்கத்தால் மருந்தைக் கொட்டி, சன்னத்தை வைத்து, கம்பியால் இடித்துச் சுடுகிற துவக்கு. 18ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவின் எல்லைப்புறக் காடுகளில் குடியேறிய ஒவ்வொருவனும் அப்படி ஒன்றை வைத்திருந்தான். மருந்தை நனையாமல் வைத்துக்கொள்ள மாட்டுக் கொம்பை விட நல்ல பாத்திரம் அவனுக்கு இல்லை. பாரம் குறைவு, தண்ணீர் இறங்காது, துருப்பிடிக்காது, உரசினாலும் பொறி பறக்காது. வெந்நீரில் அவித்தால் இளகும். சுரண்டி மெல்லிசாக்கினால் உள்ளே எவ்வளவு மருந்து மிச்சம் என்று வெளிச்சத்தில் பிடித்தே பார்க்கலாம். அகலமான பக்கத்தை மரக்கட்டையால் அடைத்து, நுனியை வெட்டித் துளை போட்டு ஒரு முளையைச் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் கொம்பிலிருந்து நேரே குழலுக்குள் கொட்டக் கூடாது. முந்திய வெடியின் தணல் உள்ளே கிடந்தால் கையிலிருக்கும் கொம்பே வெடித்துவிடும். அதனால் சிறிய அளவைக் குப்பி ஒன்று கூடவே தொங்கும். அந்தக் குப்பி, கொம்பு, தோல் பை, சிக்கிமுக்கிக் கல், துளை குத்தும் ஊசி எல்லாவற்றையும் இன்று சேர்ப்பவர்கள் தேடி வாங்குகிறார்கள். பித்தளைக் குடுவைகள் இதற்குப் பிந்தியவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஜேம்ஸ் டிக்ஸன் அன்ட் சன்ஸ் போன்ற கம்பனிகள் அவற்றை ஏராளமாகச் செய்தன. பிறகு தோட்டா வந்தது. கொம்பும் குடுவையும் பரணுக்குப் போய்விட்டன.

பரணில் கிடந்த கொம்புக்கு எப்படி விலை வந்தது? அதில் இருந்த எழுத்தால் வந்தது. 1754 முதல் 1763 வரை பிரெஞ்சுக்காரருக்கும் ஆங்கிலேயருக்கும் அங்கே யுத்தம் நடந்தது. முகாமில் எல்லோர் கொம்பும் ஒரே மாதிரி இருந்ததால் அவனவன் தன் பெயரை வெட்டி வைத்தான். பிறகு ஊரும் திகதியும் சேர்ந்தன. ஹட்சன் ஆறு, ஜோர்ஜ் ஏரி, வழியிலுள்ள கோட்டைகள் என்று முழுத் தேசப்படமே வெட்டிய கொம்புகளும் உண்டு. வாசிக்கத் தெரியாத சிப்பாய்கள் கைராசிக்காரன் ஒருவனிடம் கொடுத்து வெட்டுவித்தார்கள்.

அப்படிப்பட்ட கைராசிக்காரர்களில் ஒருவர் ஜோன் புஷ். மசாசூசெட்ஸைச் சேர்ந்த கறுப்பினத்தவர், படைவீரர். ஜோர்ஜ் ஏரிக்கரையிலிருந்த வில்லியம் ஹென்றி கோட்டையில் 1756ஆம் ஆண்டளவில் சக சிப்பாய்களின் கொம்புகளில் அழகான எழுத்து வெட்டினார். 1757இல் கோட்டை பிரெஞ்சுக்காரரிடம் வீழ்ந்தபோது பிடிபட்டார், வீடு திரும்பவில்லை. அவருடைய வேலைப்பாட்டை இன்று நூதனசாலைகள் பாதுகாக்கின்றன. ரூஃபஸ் கிரைடர் என்ற பாடசாலை ஆசிரியர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வீடு வீடாகத் தேடிப்போய் நூற்றுக்கணக்கான கொம்புகளை வரைந்து வைக்காவிட்டால் இவற்றில் பல யாருடையவை என்றே தெரியாமல் போயிருக்கும். 1945இல் நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையின் ஸ்டீபன் கிரான்சே இந்தக் கொம்புகளைப் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

வெறும் கொம்பு 100, 200 டொலர் போகும். பெயரும் ஆண்டும் தேசப்படமும் உள்ள கொம்பு ஆயிரக்கணக்கில் போகும். இதைக் கேட்டதும் நம்மவர் மூளையில் ஓடுவது அங்கேயுள்ளவர் மூளையிலும் ஓடியது. பழைய வெறும் கொம்பை வாங்கிப் புதிதாகப் பெயர் வெட்டினார்கள். கொம்பு உண்மையிலேயே 200 வருஷப் பழசு, எந்தப் பரிசோதனைக்கும் நிற்கும். வெட்டு மட்டும் போன மாதத்துச் சரக்கு.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்பதை அந்த மனிதர் சொன்னபோது இரத்தினக்கல் பார்க்கும் நம்மவர்கள் நினைவுக்கு வந்தார்கள். உண்மையான வெட்டு கொம்போடு சேர்ந்து தேய்ந்திருக்கும். இடுப்பில் உரசிய பக்கத்தில் எழுத்து மங்கியும் மறுபக்கத்தில் தெளிவாகவும் இருக்க வேண்டும். எல்லாப் பக்கமும் ஒரே தெளிவு என்றால் சந்தேகம். பழைய கீறல் ஒன்று எழுத்தைக் குறுக்கே வெட்டிப் போனால் நல்லது. எழுத்து அந்தக் கீறலை வெட்டிப் போனால் கீறலுக்குப் பிறகுதான் எழுத்து வந்திருக்கிறது. கொம்பைப் புழு அரிக்கும். புழு அரித்த குழிக்குள் எழுத்துக் கோடு இறங்கியிருந்தால் கதை முடிந்தது. இன்னொன்றும் சொன்னார்: பெயர் ரொம்பப் பிரபலமானதாக இருந்தால் பயப்படு. பெயர் தெரியாத சாதாரண சிப்பாய்கள்தான் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

துவக்கு, பை, கொம்பு மூன்றும் ஒரே குடும்பத்திலிருந்து பிரியாமல் வந்தால் தனித்தனி விலைகளின் கூட்டுத்தொகையை விட அதிகம் கிடைக்கும். ஆகவே அதிலும் கூட்டுச் சேர்ப்பு நடக்கிறது. மூன்று வீட்டுச் சாமானை ஒரு வீட்டுச் சாமான் ஆக்கிவிடுவார்கள். பை வாரின் தேய்மானமும் கொம்பு வாரின் தேய்மானமும் பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கென்றே கண் பழகியவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். இன்றும் அமெரிக்காவில் அதே பழைய முறையில் கொம்பு செய்து, தேசப்படம் வெட்டி, அதன் மேல் தங்கள் பெயரையும் செய்த ஆண்டையும் போட்டு விற்கிற கைவினைஞர்கள் இருக்கிறார்கள். புதிது என்று சொல்லியே விற்கிறார்கள். கெட்டிக்காரரின் கொம்பு சாதாரணப் பழைய கொம்பை விட விலை போகிறது. ஆள் இறந்த பிறகும் அந்தப் பெயர் விலையைக் காப்பாற்றும். என்னிடமிருந்த குடுவையைச் செய்த இந்தியத் தொழிலாளியும் மோசமான வேலைக்காரன் அல்ல. அவனுடைய வேலையை அவனுடையது என்று சொல்லி விற்றிருந்தால் என் தலை குனிந்திருக்காது.

நான் அன்று மாலையே மிச்சமிருந்த 11 குடுவைகளிலும் 'புதியது, இந்தியாவில் செய்தது' என்று ஆங்கிலத்தில் அட்டை தொங்கவிட்டேன். விலை 1,200 ரூபா. பக்கத்துக் கடை நானா அடுத்த நாளே வந்தார். 'நீங்க புதுசெண்டு எழுதினா எங்கட சாமானும் புதுசெண்டுதானே நினைப்பான்?' என்று கோபித்தார். அவர் கோபத்தில் நியாயம் இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வருஷ முடிவுக்குள் ஒன்பது விற்றுப்போனது. பழசு என்று சொல்லியிருந்தால் இரண்டு விற்றாலே அதைவிட அதிக இலாபம் வந்திருக்கும். கணக்கு அப்படித்தான். ஆனால் அந்த அமெரிக்கர் ஊருக்குப் போய் என் கடைப் பெயரைச் சொல்லி மூன்று பேரை அனுப்பினார். அதில் ஒருவர் வாங்கிய ஒரு ஜோடி ஒல்லாந்தர் கதிரையின் இலாபம் 12 குடுவைகளையும் தூக்கிச் சாப்பிட்டது. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

நம் பழம்பொருள் வியாபாரிகளிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பற்றுச்சீட்டில் எழுதிக் கொடுங்கள். 'பித்தளைக் குடுவை 1' என்று எழுதினால் போதாது. எங்கே வாங்கியது, எந்தக் காலத்தது, பழுதுபார்த்த இடம் எது, எது எனக்குத் தெரியாது என்று நாலு வரி எழுத வேண்டும். வாயால் சொன்ன கதை கடை வாசலைத் தாண்டினால் காற்று. குறையைச் சொல்லி விற்க வேண்டும் என்பது நமக்குப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டிய விசயமும் அல்ல.

எழுத்தின் பலத்துக்கு நம் நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1765இல் ஒல்லாந்தர் கண்டி அரண்மனையைக் கொள்ளையிட்டபோது எடுத்துப்போன பொருட்களில் ஆறு 2023இல் திரும்பி வந்தன. வெள்ளியும் தங்கமும் மாணிக்கமும் பதித்த லெவ்கே திசாவையின் பீரங்கி, இரண்டு பெரிய சுவர்த் துவக்குகள், இரண்டு வாள்கள், ஒரு கத்தி. அம்ஸ்டர்டாம் ரைக்ஸ் நூதனசாலையும் நம் நாட்டு நிபுணர்களும் சேர்ந்து அவை எந்த வழியாக ஒல்லாந்துக்குப் போயின என்று பழைய ஏடுகளைப் புரட்டி ஆராய்ந்தார்கள். அந்த ஆராய்ச்சி இல்லாமல் அவை கொழும்புக்கு வந்திருக்காது.

இந்த வியாபாரத்தில் இறங்க நினைக்கும் தம்பிமாருக்குச் சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, பழம்பொருளை அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்புவது குற்றம். சுடக்கூடிய துவக்கு என்றால், எவ்வளவு பழசானாலும், 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் குறுக்கே நிற்கும். அமெரிக்காவில் 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துவக்குக்குச் சலுகை இருக்கிறது என்று இணையத்தில் வாசித்துவிட்டு இங்கே வாங்கி அடுக்காதீர்கள். அந்தச் சலுகை அவர்களுடைய நாட்டில். தந்தம் பதித்த துவக்கு என்றால் தந்தச் சட்டமும் சேர்ந்து வரும். வாங்குமுன் தொல்பொருள் திணைக்களத்தில் ஒரு தடவை கேட்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

போன வருஷம் மாவனல்லைப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். கடுதாசியில் சுற்றிய ஒரு எருமைக் கொம்பு. மூத்தாப்பாவுடையது என்றார். நான் முதலில் சிகரட் பிடித்துக்கொண்டிருந்த ட்ரைவரை வெளியே அனுப்பினேன். கரிமருந்து காய்ந்திருந்தால் எத்தனை வருஷமானாலும் உயிரோடுதான் இருக்கும். முளையை மெதுவாகக் கழற்றிப் பார்த்தேன், வெறுமை. பிறகு தம்பி வந்த காரியத்தைச் சொன்னார். கொம்பைப் பொலிஷ் பண்ணி, 'கண்டி 1803' என்று வெட்டித் தரும் ஆள் யாராவது தெரியுமா? அந்த வருஷம் வெள்ளைக்காரப் படை கண்டியில் அழிந்ததாம், அப்படி வெட்டினால் இலட்சக்கணக்கில் போகும் என்று ஒரு கூட்டாளி சொன்னாராம்.

ஆள் தெரியும். சொல்லவில்லை. பொலிஷ் பண்ணினால் மூத்தாப்பாவின் கைப்பட்ட மினுக்கம் போய்விடும் என்று சொன்னேன். வீட்டில் மூத்தவர்கள் யாரும் இருந்தால் இந்தக் கொம்பைப் பற்றித் தெரிந்ததைச் சொல்லச் சொல்லி, சொன்னவர் பெயரோடும் திகதியோடும் எழுதி வையுங்கள் என்றும் சொன்னேன். முகம் கொஞ்சம் வாடித்தான் போனார்.

ஒரு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒன்றரைப் பக்கம் வந்தது. அவருடைய பெரியம்மா சொன்னதாம். மூத்தாப்பா சண்டைக்கெல்லாம் போனவர் அல்ல. சேனையில் காட்டுப் பன்றியை விரட்ட இடியன் துவக்கு வைத்திருந்தார். கொம்பை ஒரு கிராமத்து ஆசாரியிடம் இரண்டு கொத்து நெல்லுக்குச் செய்வித்தார். ஒரு மழைக்காலத்தில் மருந்து நனைந்ததற்காக வாப்பும்மா அவரை ஏசியதையும் பெரியம்மா மறக்காமல் சொல்லியிருந்தார். கொம்பு இப்போது விற்பனைக்கு இல்லை என்று கடைசி வரியில் எழுதியிருந்தார் தம்பி.