படுக்கைப் புண்: தோல் சிவக்கும்வரை காத்திருக்காதீர்கள்

"அப்பா சாப்பிட்டாரா? மாத்திரை போட்டாரா?" சென்னையிலிருந்தோ துபாயிலிருந்தோ ராமேஸ்வரம், தங்கச்சிமடம் வீடுகளுக்குப் போன் போடும் பிள்ளைகள் வழக்கமாகக் கேட்பது இது. அப்பா பக்கவாதத்தால் படுத்திருக்கிறார் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: "இன்னைக்கு அவர் முதுகைப் பார்த்தீங்களாம்மா?"

புண் ஏன் வருகிறது?

ஒரே நிலையில் படுத்திருந்தால் எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி, ரத்த ஓட்டம் தடைபடும். சில மணி நேரத்திலேயே திசுக்கள் பாதிக்கப்படலாம். முதுகின் அடிப்பகுதி, இடுப்பு, குதிகால் ஆகியவற்றில்தான் அதிகம் வரும். கடலோரப் புழுக்கமும் நனைந்த டயப்பரும் தோலை ஊறவைத்து நிலைமையை மோசமாக்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

'சிவந்தால் கவனி' என்பார்கள். ஆனால், கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரியாது. அந்த இடம் மட்டும் கூடுதலாகக் கறுத்தோ, சூடாகவோ, கெட்டியாகவோ இருக்கிறதா என்று தினமும் தொட்டுப் பாருங்கள்.

என்ன செய்யலாம்?

* பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இழுக்காமல் தூக்கி நகர்த்துங்கள்.
* கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் குதிகால் மெத்தையில் படாது.
* ஏர் பெட் உதவும். ஆனால், 'அதான் வாங்கியாச்சே' என்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது.
* நிறம் மாறிய இடத்தைத் தேய்க்காதீர்கள். காற்று வளையத்தில் உட்கார வைக்காதீர்கள்.
* முட்டை, மீன், பருப்பு கொடுங்கள். சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் டாக்டரிடம் கேட்ட பிறகு கொடுங்கள்.
* புண்ணில் பவுடர், ஸ்பிரிட் போடாதீர்கள். சீழ், துர்நாற்றம், காய்ச்சல் இருந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அரசு செய்ய வேண்டியது

ராமநாதபுரத்துக்கு 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. ஆனால், ராமேஸ்வரத்திலிருந்து அங்கே போக 50 கிலோமீட்டருக்கு மேல். படுத்த படுக்கையாக இருப்பவரைக் கட்டு மாற்ற ஒவ்வொரு முறையும் கொண்டுபோக முடியுமா? 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி நிவாரணச் சிகிச்சையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. வரும்போதெல்லாம் நோயாளியின் தோலைப் பார்ப்பது கட்டாயமாக வேண்டும். டிஸ்சார்ஜுக்கு முன்பே, புரட்டும் முறையை வீட்டாருக்குச் செய்துகாட்டிப் பழக்க வேண்டும்.

நமக்கும் பங்கு உண்டு

இரவிலும் எழுந்து புரட்டுவது பெரும்பாலும் அம்மாதான். ஒரே ஆளால் எத்தனை நாள் முடியும்? பணம் அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. ஊருக்குப் போகும்போது சில இரவுகளாவது நீங்கள் அந்த முறையை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா தூங்கட்டும்.