மேலாளர் போடும் மதிப்பெண்ணில் சாதி இல்லையா?

காட்டுப்பள்ளித் துறைமுகமும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டும் பக்கத்தில் இருந்தும், பொறியியல் படித்த நம் பிள்ளைகள் பலர் மென்பொருள் வேலைக்காகப் பழைய மகாபலிபுரம் சாலைக்குத்தான் போகிறார்கள். மீஞ்சூரில் மின்சார ரயில், சென்ட்ரலில் இறங்கிப் பறக்கும் ரயில், திருவான்மியூரிலிருந்து பேருந்து. இரவில் அமெரிக்க வாடிக்கையாளருடன் கூட்டம் என்றால் கடைசி ரயிலும் போய்விடும்.

வேலைப்பளு எல்லாச் சாதிக்கும் பொதுதானே என்பார்கள். பளு பொதுதான், அதைத் தாங்கும் வலு பொது அல்ல. ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர் போடும் மதிப்பெண்தான் சம்பள உயர்வையும் வெளிநாட்டு வாய்ப்பையும் தீர்மானிக்கிறது. வேலை நிலைக்குமா என்பதையும் அதுவே முடிவு செய்கிறது. ‘எந்த ஊர், அப்பாவுக்கு என்ன வேலை, கோட்டாவில் வந்தாயா’ என்ற விசாரணை எதற்கு என்று நமக்குத் தெரியும். கல்விக் கடனும் வீட்டுச் செலவும் தோளில் இருக்கும் முதல் தலைமுறைப் பட்டதாரி, வேலை போய்விடுமே என்று வாய் திறப்பதில்லை.

இது வீண் சந்தேகம் அல்ல. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவர் சாதியால் ஒதுக்கப்பட்டார் என்று 2020 ஜூனில் கலிபோர்னியா அரசுத் துறையே வழக்குத் தொடுத்தது. ஐ.ஐ.டி.யில் அவர் இடஒதுக்கீட்டில் சேர்ந்ததை மேலதிகாரி சக ஊழியர்களிடம் சொன்னார் என்பதும் குற்றச்சாட்டு. நிறுவனம் மறுத்தது, மேலதிகாரிகள் இருவர் மீதான வழக்கு 2023-ல் திரும்பப் பெறப்பட்டது. ஆனாலும் அவ்வழக்கு எழுப்பிய விவாதம் ஓயவில்லை. 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகர மன்றம் சாதிப் பாகுபாட்டுக்குத் தடை விதித்தது.

இங்கே நிலை என்ன? வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இழிசொல்லைத் தண்டிக்கும். குறைத்துப் போட்ட மதிப்பெண்ணை அதைக் கொண்டு பிடிப்பது கடினம். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013-ம் ஆண்டுச் சட்டம். சாதிப் புகாருக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை. தனியார் துறையில் இடஒதுக்கீடும் இல்லை.

மாநில அரசு நினைத்தால் தொடங்கலாம். கும்மிடிப்பூண்டியில் ஆலைகளுக்கு நிலம் கொடுத்த அதே சிப்காட்தான் சிறுசேரியில் மென்பொருள் நிறுவனங்களுக்கும் நிலம் கொடுத்தது. அரசு நிலமும் சலுகையும் பெறும் நிறுவனம், வெளியாள் இடம்பெறும் சாதிப் பாகுபாட்டுப் புகார்க் குழுவை அமைக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி ஊழியர் எத்தனை பேர், எந்தப் பதவிகளில் இருக்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என நிபந்தனை போடட்டும்.

நம் இளைஞர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மென்பொருள் ஊழியர்களும் சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழக அரசு தெளிவுபடுத்திவிட்டது. தனியாகப் பேசினால் வேலை போகும் என்று அஞ்சுபவர்கள் சங்கமாகச் சேர்ந்து பேசலாம்.