கோப்பை வந்துவிட்டது, மைதானம் எங்கே?

2025 ஜூலை 6 அன்று, திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானத்தில், ஐடிரீம் திருப்பூர் தமிழன்ஸ் அணி டி.என்.பி.எல். (தமிழ்நாடு பிரீமியர் லீக்) கிரிக்கெட் கோப்பையை முதல்முறையாகக் கைப்பற்றியது. துஷார் ரஹேஜாவும் அமித் சாத்விக்கும் கொடுத்த தொடக்கத்தில் 220 ரன் குவிந்தது. அஸ்வின் தலைமையிலான திண்டுக்கல் டிராகன்ஸ் 102 ரன்னில் சுருண்டது. 118 ரன் வித்தியாசம், கேள்விக்கு இடமில்லாத வெற்றி. ஆனால் அந்தத் தொடரின் ஆட்டங்கள் நடந்த ஊர்கள் கோவை, சேலம், திருநெல்வேலி, திண்டுக்கல் ஆகிய நான்கு மட்டுமே. தன் ஊர்ப் பெயரைச் சுமந்து ஆடும் அணியை நேரில் பார்க்க நினைத்த பனியன் தொழிலாளி, கோவைக்காவது பஸ் ஏற வேண்டியிருந்தது. திருப்பூருக்கு ஒரு ஸ்டேடியம் வேண்டும் என்று சொல்வது எளிது. எப்படிப்பட்டது, யாருக்குச் சொந்தமானது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தாயிரம் பேர் உட்காரும் அளவான அரங்கு போதும். மாநகராட்சி, தொழில்துறை, ரசிகர்கள் மூவருக்கும் அதில் பங்கு இருக்க வேண்டும். டெண்டருக்கு முன்பே அதன் திட்டம் ஊர் முன் வைக்கப்பட வேண்டும். கிரிக்கெட்டுக்கு மட்டுமல்ல, கால்பந்துக்கு இது இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

காரணம், கொங்கு மண்டலம் ஒரு சாம்பியன் கால்பந்து கிளப்பைக் கையில் வைத்திருந்து இழந்திருக்கிறது. பெயரில் சென்னை இருந்தாலும், சென்னை சிட்டி எஃப்.சி. தன் ஐ-லீக் ஆட்டங்களைக் கோவை நேரு ஸ்டேடியத்தில்தான் ஆடியது. 2019 மார்ச் 9 அன்று கடைசி ஆட்டம். மினர்வா பஞ்சாப் தொடக்கத்திலேயே ஒரு கோல் போட்டு முந்திக்கொண்டது. அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்கால் வென்றுவிட்டதால், கோவையில் டிரா ஆகியிருந்தாலும் கோப்பை கொல்கத்தாவுக்குப் போயிருக்கும். இடைவேளைக்குப் பிறகு பெட்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். தடுப்பாட்டக்காரர் கௌரவ் போரா இரண்டு கோல் அடித்தார். 43 புள்ளி, ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஐ-லீக் பட்டம் முதல்முறையாகத் தமிழ்நாட்டுக்கு வந்தது. அந்த ஆண்டே சுவிட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல், கிளப்பின் 26 சதவீதப் பங்கை வாங்கியது. கால்பந்தில் இதற்கு மேல் ஒரு தொடக்கத்தை எந்த ஊரும் கேட்க முடியாது.

அடுத்த ஆண்டு மார்ச்சில், ஏ.எஃப்.சி. கோப்பையில் மாலத்தீவின் மாசியா அணியுடன் அந்தக் கிளப்புக்குச் 'சொந்த மண்' ஆட்டம் வந்தது. அது நடந்த இடம் அகமதாபாத். கோவை ரசிகர் தன் அணியின் ஆசிய ஆட்டத்தைத் தன் ஊரில் பார்க்க முடியவில்லை. 2021-க்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை. அகில இந்திய கால்பந்துக் கூட்டமைப்போடு உரசல், உரிம நிபந்தனைகள், கொரோனா முடக்கம் என்று காரணங்கள் பல. நல்ல மைதானம் ஒன்று இருந்திருந்தால் கிளப் பிழைத்திருக்கும் என்று யாரும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கிளப் போனபோது ஊருக்கு மிஞ்சியது என்ன என்று கேட்கலாம். சிறுவர்கள் பழக ஒரு களம் மிஞ்சவில்லை, ரசிகர் கையில் ஒரு பங்குப் பத்திரம் மிஞ்சவில்லை. நேரு ஸ்டேடியம் அடிப்படையில் ஒரு தடகள அரங்கு. கேலரிக்கும் கோட்டுக்கும் நடுவே 400 மீட்டர் ஓடுதளம் சுற்றி ஓடுகிறது. கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு எதிர்முனையில் நடப்பது பந்தா, கால்களா என்று பிரித்தறியக் கண் கூர்மை வேண்டும். கிளப் அங்கே வாடகைக்கு வந்த விருந்தாளி. வந்த மாதிரியே போயிற்று. கிரிக்கெட்டிலும் கதை அதுதான்: இன்று திருப்பூர் தமிழன்ஸ் என்று கொண்டாடப்படும் அணி, முன்பு காரைக்குடி காளை என்ற பெயரில் ஆடியது. பெயர்ப் பலகையை மாற்றி வந்த அணி, நாளை இன்னொரு பலகையை மாட்டிக்கொண்டு கிளம்பாது என்பதற்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

இந்த வட்டாரத்தில் அரங்கு பற்றிய அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. 2024 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது கோவைக்கு சர்வதேசத் தரத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் வரும் என்று மு.க.ஸ்டாலின் அறிவித்தார். ஒண்டிப்புதூர் திறந்தவெளிச் சிறைச்சாலை நிலம் அதற்காகப் பார்க்கப்பட்டது. இப்படி ஒவ்வொரு முறையும் ரசிகருக்குக் கிடைப்பது ஒரு கணினிப் படம், ஒரு இருக்கை எண்ணிக்கை, 'உலகத் தரம்' என்ற சொல். அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியவை வேறு. நிலம் யார் பெயரில் இருக்கும்? கட்டிய பிறகு யார் நடத்துவார்கள்? மலிவான டிக்கெட் என்ன விலை? ஆட்டம் இல்லாத முந்நூற்றுச் சொச்சம் நாளில் உள்ளூர்ப் பையன்களுக்குக் கேட் திறக்குமா? ராத்திரி பத்து மணிக்கு ஆட்டம் முடிந்தால் பல்லடத்துக்கும் அவிநாசிக்கும் பஸ் உண்டா? பெண்களுக்கு எத்தனை கழிப்பறை? இந்தக் கேள்விகளுக்குக் கட்டி முடித்த பிறகு பதில் தேடினால் கான்கிரீட்டை உடைக்க வேண்டியிருக்கும். அதனால்தான் வரைவுத் திட்டம் முதலில் வெளியே வர வேண்டும் என்கிறோம்.

'திருப்பூரில் கால்பந்து பார்க்க யார் வருவார்கள்?' என்பது உடனே எழும் கேள்வி. ஊரை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் பதில் கிடைக்கும். சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு லீவு என்பது பனியன் கம்பெனிகளின் பழைய வழக்கம். டெய்லர், கட்டிங் மாஸ்டர், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர், கைமடி என்று வாரம் முழுக்க ஷிப்டும் ஓவர்டைமுமாக நின்றவர்களுக்கு அந்த ஒரு நாளில் போக்கிடம் காதர்பேட்டை கடைகளும் சினிமா தியேட்டரும்தான். இவர்களில் கணிசமானோர் ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கம், அசாம், மணிப்பூர் போன்ற மாநிலங்களில் இருந்து வந்தவர்கள். வங்கத்திலும் மணிப்பூரிலும் கால்பந்து வீட்டுப் பேச்சு. பக்கத்தில் மலப்புரம் மாவட்டத்தைப் பாருங்கள். பாக்கு மரத்திலும் மூங்கிலிலும் தற்காலிக கேலரி கட்டி நடத்தும் 'செவன்ஸ்' ஆட்டங்களுக்கு ஆயிரக்கணக்கில் டிக்கெட் வாங்கி வருகிறார்கள். அங்கே முதலில் கூட்டம்தான் உருவானது. ஆனால் 2022 மார்ச்சில் அதே மாவட்டத்தில் ஒரு தற்காலிக கேலரி சரிந்து இருநூறு பேர் அளவில் காயமடைந்ததையும் மறக்கக் கூடாது. கூட்டம் உறுதியான பிறகும் நிரந்தரக் கேலரி கட்டாமல் இருந்தால் அதற்கான விலையைப் பார்வையாளர் உடம்பால் கொடுக்கிறார். பெண்கள் கணக்கும் இருக்கிறது. சென்னை சிட்டி வென்ற அதே பருவத்தில் மதுரையின் சேது எஃப்.சி. இந்தியப் பெண்கள் லீக்கை வென்றது. அந்த இறுதி ஆட்டம் நடந்தது லூதியானாவில். தொழிலாளர்களில் சரிபாதிக்கு மேல் பெண்களாக இருக்கும் திருப்பூரில், ஒரு பெண்கள் அணிக்குக் களமும் கூட்டமும் அமைவது கற்பனைக்கு எட்டாத விஷயமல்ல.

அடுத்து அளவு. கால்பந்துக் களத்துக்கு வேண்டியது 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். ஒன்றே முக்கால் ஏக்கர். ஓடுதளம் இல்லாமல் நாலு பக்கமும் நெருங்கிய கேலரி, பத்தாயிரம் இருக்கை, பக்கத்திலேயே பயிற்சிக்கு இன்னொரு களம் என்றால் போதும். 2014 உலகக் கோப்பைக்காக பிரேசில் அமேசான் காட்டு நகரான மனாஸில் 40,000 பேருக்கு மேல் உட்காரும் அரங்கைக் கட்டியது. நான்கே உலகக் கோப்பை ஆட்டங்கள் முடிந்தபின், அதை நிரப்பும் அளவுக்குப் பெரிய உள்ளூர் கிளப் இல்லாமல் பராமரிப்புச் செலவு மட்டும் ஏறிக்கொண்டே போனது. இந்தப் பாடத்துக்கு பிரேசில் வரை போகவே வேண்டாம். பவானி ஆற்றுத் தண்ணீரைத் திருப்பூருக்குக் கொண்டுவர 1,023 கோடி ரூபாயில் கட்டப்பட்ட குடிநீர்த் திட்டம், நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தேவைப்படும் என்ற கணக்கில் 2005-இல் ஓடத் தொடங்கியது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. பிறகு, கழிவுநீரையே சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்தது. ஆலைகள் வாங்கும் என்று எதிர்பார்த்த தண்ணீரின் கணக்கு தப்பியது. தேவையைப் பெரிதாகக் கணக்குப் போட்டால் கடன் மட்டும் மிஞ்சும் என்பதை இந்த ஊர் அனுபவித்தே தெரிந்துகொண்டது. அதனால் பத்தாயிரத்தில் தொடங்கி, நிரம்பி வழிந்தால் கூட்டிக்கொள்ளும்படி வரைபடம் போடுவதே புத்திசாலித்தனம்.

ஆனால் அதே குடிநீர்த் திட்டம் இன்னொன்றையும் நிரூபிக்கிறது. அரசு மட்டும் செய்யட்டும் என்று திருப்பூர் கையைக் கட்டி உட்கார்ந்திருந்த ஊர் அல்ல. அந்தத் திட்டத்துக்காக 1995-இல் தொடங்கிய நிறுவனத்தில் மாநில அரசோடு திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் கைகோத்தது. சாயக் கழிவுக்குப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பட்டறைக்காரர்கள் பங்கு போட்டுத்தான் கட்டினார்கள். பங்கு போட்டுப் பொதுச் சொத்து உருவாக்கும் பழக்கம் ஊரின் ரத்தத்தில் இருக்கிறது. இதில் புதிதாகச் சேர வேண்டியவர் ரசிகர் ஒருவர்தான். லண்டனின் விம்பிள்டன் கிளப்பை 2002-இல் வேறு ஊருக்கு மாற்ற அனுமதி கிடைத்தபோது, ரசிகர்கள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று சொந்தக் கிளப் தொடங்கினார்கள். பின்னர் ரசிகர் பத்திரம் விற்று 50 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டி, 2020 நவம்பரில் தங்கள் பழைய பேட்டையான பிளாவ் லேனிலேயே புது ஸ்டேடியம் திறந்தார்கள். பெர்லினில் யூனியன் கிளப்பின் அரங்கை 2008-09-இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ரசிகர்கள் கூலி வாங்காமல் வேலை செய்து புதுப்பித்தார்கள். இங்கே ரசிகர் செங்கல் சுமக்க வேண்டியதில்லை. ஒரு வாரச் சம்பளத்துக்கு மேல் போகாத விலையில் பங்கு, அதைத் தவணையில் கட்டும் வசதி, நிர்வாகக் குழுவில் ரசிகர் பிரதிநிதி ஒருவர், ரசிகர் சம்மதம் இல்லாமல் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்ற ஒரு விதி. இவை இருந்தால் கிளப் மாறினாலும் களம் ஊரிலேயே தங்கும்.

எதிர்வாதங்கள் வலுவானவைதான். முதலாவது, 'சாக்கடையும் சாலையும் சரியில்லாத ஊருக்கு ஸ்டேடியம் ஒரு கேடா?' இது நியாயமான கோபம். ஆனால் சாக்கடைப் பணத்தை எடுத்து அரங்கு கட்டச் சொல்லும் திட்டத்தைத்தான் இந்தக் கோபம் தடுக்க வேண்டும். நிலம் மாநகராட்சியுடையது, கட்டுமானச் செலவில் பெரும்பகுதி பங்குப் பணமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் ஒதுக்கீடும் என்று இருந்தால் மாநகராட்சியின் வரிப் பணம் தொடப்படாது. தொகுதிதோறும் 3 கோடி ரூபாயில் சிறு விளையாட்டரங்கம் அமைக்கும் மாநிலத் திட்டம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த ஒதுக்கீட்டைத் தனியாகச் சிதற விடாமல் இதனுடன் இணைத்துத் தொடங்கலாம். இரண்டாவது, '2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் ஆர்டர் இல்லாமல் தவித்த தொழிலிடம் ஸ்டேடியத்துக்குப் பணம் கேட்பதா?' ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்யும் ஊரின் லாபமும் நஷ்டமும் டாலரோடு ஏறி இறங்குவது உண்மை. அதனாலேயே ஒரே முதலாளியை நம்பி அரங்கு கட்டக் கூடாது, நூறு கம்பெனியும் ஆயிரக்கணக்கான ரசிகரும் சிறு சிறு பங்காகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு கம்பெனி நொடித்தால் அரங்கு நொடிக்காது.

மூன்றாவது, 'ஐம்பது கிலோமீட்டரில் கோவை இருக்கும்போது திருப்பூருக்குத் தனியாக எதற்கு?' ஐம்பது கிலோமீட்டர் கார் வைத்திருப்பவருக்குப் பக்கம். திங்கள் காலை எட்டரைக்கு மிஷினில் உட்கார வேண்டியவருக்கு, ஞாயிறு இரவு ஆட்டம் முடிந்து கடைசி பஸ்ஸைப் பிடிப்பதே போராட்டம். கிரிக்கெட்டுக்குக் கோவையில் பெரிய அரங்கு வரட்டும். கால்பந்துக்கும் ஹாக்கிக்கும் பெண்கள் ஆட்டங்களுக்கும் நடுத்தர அளவில் ஒன்று திருப்பூரில் வரட்டும். இரண்டும் ஒன்றையொன்று சாப்பிடாது. ஒரே அரங்கில் கிரிக்கெட்டையும் கால்பந்தையும் சேர்த்துத் திணித்தால்தான் இரண்டுமே கெடும். வட்ட மைதானத்தில் செவ்வகக் களம் போட்டால் பார்வையாளர் மறுபடியும் தூரத்துக்குத் தள்ளப்படுவார்.

எனவே திருப்பூர் மாநகராட்சியும் ஏற்றுமதியாளர்கள் சங்கமும் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் உட்கார்ந்து முதலில் செய்ய வேண்டிய வேலை, இருக்கை எண்ணிக்கையை அறிவிப்பது அல்ல. நிலம் எது, பங்கு யார் யாருக்கு, டிக்கெட் விலை என்ன, ஆண்டு நாட்காட்டியில் எந்தெந்த நாள் ஊர்ப் பிள்ளைகளுக்கு என்பதைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி வார்டு அலுவலகங்களிலும் கம்பெனி நோட்டீஸ் போர்டுகளிலும் ஒட்டட்டும். கருத்துச் சொல்ல ஒரு மாதம் கொடுக்கட்டும். வந்த யோசனைகளில் எதை ஏற்றோம், எதை ஏன் தள்ளினோம் என்று பதிலும் சொல்லட்டும். டெண்டர் அதன் பிறகு வரட்டும். கோவை தன் கால்பந்துச் சாம்பியனை வாடகைக் குடித்தனமாக வைத்திருந்தது, இழந்தது. அதே வழியில் போனால் திருப்பூரும் ஒருநாள் கோப்பையின் புகைப்படத்தை மட்டும் வைத்துக்கொண்டிருக்கும். களத்தில் ஊருக்குப் பங்கு இருந்தால் மட்டுமே, எந்த அணி வந்தாலும் போனாலும் ஆட்டம் இங்கே நிற்கும்.